சுற்றினால் சொல்லும் கவட்டை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பது எனக்கு இருபத்தோராவது வயது வரை தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதும் நல்ல புத்தி வந்து அல்ல. மலாக்காவில் ஒரு போலீஸ் நிலையத்தில், ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை காய்ந்துபோன ஒரு பெரிய மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறு வழியே இல்லாமல் தெரிந்துகொண்டேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானக் கூடத்தில் உதவியாளன். (உதவியாளன் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் என்பதுதான் உண்மை.) அப்பா ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்தார். அந்த முறை லீவுக்குப் போனபோது சாப்பாட்டுத் தட்டைக்கூட நகர்த்தாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள டவுன்ல நெலையான வேல ஒண்ணு தேடிக்க. இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு. சின்னக் கிராணி எடம் காலியா இருக்கு. தொரகிட்ட சொல்லி வச்சிட்டேன்."

அந்த இடம் ஏன் காலியானது என்று அப்பா சொல்லவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஆபீஸ் சுவரில் இரண்டு துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்த மறுநாள், பழைய சின்னக் கிராணி முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். முள்கம்பி வேலிக்குள் விடியற்காலையில் பேர் வாசிக்கிற வேலை. நான் வீரன் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து விமானத் திடலில் கருவிப் பிரிவுக்கு ஒரு பயிற்சியாளர் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஒரே இடம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேரில் ஒருவர் திரு. செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவின் தலைவர், சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாதவர். அவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை முடி வெட்டிக்கொள்ளும் கடையில்தான் நானும் வெட்டிக்கொள்வேன். என் வாழ்க்கை அந்தக் கடைக்குள் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

கடை தெங்கேரா சடக்கில், ரோட்டை ஒட்டியே இருந்தது. கடைக்காரர் காத்தமுத்து அண்ணன் என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். மூடிவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் கடையிலிருந்து அவர் வாங்கிவந்த சுழல் நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. இரும்புப் பாதம், தோல் மெத்தை. காலால் ஒரு எத்து எத்தினால் நாலு சுற்றுச் சுற்றி நிற்கும். வாரம் ஒரு முறை அதற்கு எண்ணெய் போடுவார். தனக்குப் போட்டுக்கொள்வதைவிட அதிகமாகவே போடுவார்.

கடையில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் குவிந்திருக்கும். பட்டாளத்து முகாமில் கழித்துவிட்டவை. வாடிக்கையாளர்கள் படம் பார்ப்பார்கள். அண்ணன் தாளைக் கிழித்துக் கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைப்பார். அப்படி ஒரு நாள் அவர் கைக்குத் தப்பிய சஞ்சிகையில் நான் ஒரு கட்டுரையைப் பார்த்தேன். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

விமானம் மேகத்துக்குள் புகுந்துவிட்டால், நாம் திரும்புகிறோமா நேராகப் போகிறோமா என்று விமானிக்கே தெரியாதாம். அதைச் சொல்ல உள்ளே ஒரு சிறு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்குமாம். சக்கரம் என்றால் அச்சு உண்டு, அச்சு என்றால் தேய்மானம் உண்டு. கட்டுரை எழுதியவர் சொன்னது என்னவென்றால், சக்கரமே வேண்டாம். இசைக்கவை மாதிரி இரண்டு கால் உள்ள ஓர் உலோகத்தை விடாமல் அதிர வைத்தால் போதும், திரும்பினால் அது சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும்? பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது கண்டக்டர் முன்னாலிருந்து பின்னால் நடந்து வந்தால் பக்கவாட்டில் யார் மடியிலாவது போய் விழுவார் இல்லையா, அதே விஷயம்தான். கவையின் இரண்டு கால்களும் விலகுவதும் நெருங்குவதுமாக ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன. கவையைத் திருப்பினால் ஒரு காலை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் ஏதோ தள்ளும். இரண்டும் சேர்ந்து கீழே உள்ள காம்பை இப்படியும் அப்படியும் முறுக்கும். அந்த முறுக்கலை அளந்தால் திரும்பிய வேகம் தெரியும். ஈயின் இறக்கைகளுக்குப் பின்னால்கூட இந்த மாதிரி இரண்டு குட்டிக் குச்சிகள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன என்று கட்டுரையில் போட்டிருந்தது. வாடிக்கை இல்லாத நேரத்தில் அண்ணன் ஈ ஓட்டுவார், நான் பின்னாலேயே போய் ஈ பிடிப்பேன். கடைக்கு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கட்டுரையின் நான்காவது பக்கம் இப்படி முடிந்தது: 'இந்தக் கருவியை வடிவமைப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது'. அவ்வளவுதான். அடுத்த பக்கம் இல்லை.

"அண்ணே, இதுக்கு அடுத்த பக்கம் எங்க?"

அவர் குப்பைக் கூடையை ஒரு பார்வை பார்த்தார். "நேத்து மீன்கடைக்காரருக்குச் சவரம் பண்ணேன். முள்ளு தாடி. நாலஞ்சு தாள் போச்சு."

"பரவால்லண்ணே. மிச்சத்த நானே யோசிச்சிக்குவேன்லா" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய முட்டாள்தனமான வாக்கியங்களுக்குப் போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு.

இரண்டு வாரத்தில் கருவியைச் செய்து முடித்தேன். உடைந்த ரம்பத்திலிருந்து வெட்டிய இரண்டு எஃகுத் தகடுகள்தான் கால்கள். அவற்றை ஒரு பித்தளைக் கட்டையின் இரு புறமும் திருகாணி போட்டு நிறுத்தினேன். கட்டைக்குக் கீழே காம்பாக ஒரு சைக்கிள் கம்பி. கால்களுக்கு நடுவில் பழைய மின்சார மணியின் சுருள், அதற்கு இரண்டு பேட்டரி. சுவிட்சைப் போட்டால் கால்கள் வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும். காம்பில் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டி, அதன்மேல் டார்ச் வெளிச்சத்தை விழவைத்தேன். அது திரும்பி எதிரே ஒரு வெள்ளை அட்டையில் புள்ளியாக விழும். காம்பு முறுக்கினால் கண்ணாடி ஆடும், புள்ளி நீண்டு கோடாகும். கோடு எவ்வளவு நீளமோ திருப்பம் அவ்வளவு வேகம்.

இவை எல்லாவற்றையும் ஒரே பலகையில் பொருத்தியிருந்தேன். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகையை வைத்துவிட்டு, உட்கார்ந்தபடி சுற்ற வேண்டும். கூடவே சுற்றுகிற ஆளுக்குத்தான் கோடு தெரியும். நான் இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தேன். அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"தம்பி, கவட்டையக் கொண்டாந்துட்டியா? வா, சுத்திப் பாப்போம்."

நான் உட்கார்ந்தேன். அவர் எத்தினார். புள்ளி கோடானது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் நாற்காலியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அந்த ரீங்காரத்தைக் கேட்டார்.

"ரெண்டு காலும் ஒரே சுருதியில இல்லியே தம்பி."

"அண்ணே, இது பஜனை இல்ல. பௌதிகம்."

"இல்ல, இப்ப சடக்குல ஒரு லாரி போச்சில்ல. நாக்காலி சுத்தவே இல்ல. அப்பயும் புள்ளி நீண்டுச்சி, நான் பாத்தேன்."

"உங்க கண்ணு அப்படிண்ணே" என்றேன், வெட்கமே இல்லாமல். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஆர்மோனியக் கட்டைகளைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை திரு. செல்லத்துரை முடி வெட்ட வந்தபோது, அண்ணனே பேச்சை எடுத்துக் கொடுத்தார். நான் சக்கரம் இல்லை, அச்சு இல்லை, தேய்மானம் இல்லை என்று அடுக்கினேன். அவர் சுவர்க் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"சுழல்றதுக்கு ஒண்டும் இல்லாமச் சுழற்சியை அளக்கிறீர். அப்படித்தானே? உந்தக் கருவியைப் பாக்கத்தான் வேணும். செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள் லீவு. காலமை பத்து மணிக்கு வாறன்."

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. செவ்வாய்க்கிழமையே அவர் என் கருவியில் உட்கார்ந்து சுற்றப்போகிறார். அன்று இரவு எனக்கு விமானத் திடலின் காக்கிச் சட்டை கனவில் வந்தது. பாக்கெட்டில் பேனாகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அதுதான் எனக்கு வசதி. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினால்தான் அட்டையில் புள்ளி துலக்கமாகத் தெரியும். பலகையை வைத்து, டார்ச்சை ஏற்றி, எல்லாம் தயார். பத்து மணிக்குச் சரியாக அவர் வந்து நாற்காலியில் உட்காரப் போனார். அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

"ஐயா மன்னிக்கணும். இந்த நாக்காலியில ஒக்காந்தவங்க தொழில் ஆவாம எந்திரிச்சிப் போகக் கூடாது. கடைக்கு ஆவாது."

"அப்ப சவரம் செய்யுமன்."

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்கய்யா. கத்தி தொட மாட்டேன்."

செல்லத்துரை யோசித்தார். "அதுவும் மெய்தான். செவ்வாய்க்கிழமை முகம் வழிச்சுக்கொண்டு போனால் மனுசி என்னை வாசலுக்குள்ளயும் விடாள்."

ஆக, சவரம் செய்யாமல் உட்காரக் கூடாது, செவ்வாய்க்கிழமை சவரமும் செய்யக் கூடாது. என் எதிர்காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. (அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் அண்ணனின் நாற்காலியில் சும்மா சுற்றியதற்கு என்ன சட்டம் என்று பின்னால் கேட்டேன். "நீ ஆளா தம்பி?" என்றார்.) அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

"அண்ணே, நுரை மட்டும் போடுங்க. தொழில் ஆரம்பிச்ச மாதிரி ஆச்சு. கத்தியே படல, சவரம் பண்ணாத மாதிரியும் ஆச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் துண்டைப் போர்த்தி, தூரிகையை நனைத்து, வலது கன்னத்தில் நுரையைக் குழைத்துக் குழைத்துப் பூசினார். இடது கன்னத்துக்கு வருவதற்குள் நான் பொறுமை இழந்து, "போதும்ணே, ஆரம்பிப்போம்" என்று சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

கவட்டை ரீங்காரம் செய்தது. அண்ணன் எத்தினார். முதல் சுற்றில் செல்லத்துரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் முன்னால் குனிந்தார். மூன்றாவதில், சட்டையில் சுருக்கமே விழாத அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கோடு விழுகுது! இன்னொருக்காச் சுத்தும்" என்றார். இன்னொரு முறை சுற்றினோம். மற்றப் பக்கமாகவும் சுற்றச் சொன்னார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. காக்கிச் சட்டைக்குத் தையற்காரரைத் தேட வேண்டியதுதான் பாக்கி.

கதவு இடிபட்டது.

அந்த நாளில் தெங்கேரா சடக்கில் சிறப்புக் காவலர்கள் ரோந்து போவார்கள். விடுமுறை நாளில் சாத்திய கடை, உள்ளிருந்து விடாமல் ஒரு ரீங்காரம், இடுக்கில் மினுங்கும் வெளிச்சம். காட்டிலிருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கதவைத் திறந்ததும் மலாய்க்கார கோப்ரல் ஒருவர் உள்ளே வந்தார். பின்னால் நான்கு துப்பாக்கிகள். சுருள், கம்பி, பேட்டரி, நடுவில் ஒரு கன்னம் நுரையோடு ஒரு மனிதர் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆப்பா இனி?" என்றார் கோப்ரல். மலாயில் அதற்கு 'இது என்ன' என்று அர்த்தம். என் காதில் அது தமிழாகவே விழுந்தது. அப்பா, இனி என்னை என்ன செய்வார்?

என் மலாய் பசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. மலாயில் 'பூசிங்' என்றால் சுற்றுவது. பள்ளியில் அதைக் கற்றிருந்தேன். ஆனால் ஊர்ப்பேச்சில் ஒருவனை ஏமாற்றிச் சுத்தி விடுவதும் பூசிங்தான். பதற்றத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. "ஐயா, இது பூசிங் செய்வதற்கான பொருள்" என்று மலாயில் பணிவாகச் சொன்னேன்.

கோப்ரலின் முகம் மாறியது. "யார் பூசிங்?"

"நான் பூசிங். இந்த ஐயாவும் பூசிங். இந்தக் கடையில் எல்லாருமே பூசிங்" என்று ஒவ்வொருவராகக் கை காட்டினேன்.

இதைவிடத் தெளிவான வாக்குமூலம் அவருக்கு அந்த வருடத்தில் கிடைத்திருக்காது. செல்லத்துரை நல்ல மலாயில் விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் எங்கள் மூவரையும் கருவியோடு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அவர் கன்னத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தார். "கையை மடியில் வை" என்று உத்தரவு வந்தது. மேல்மூடி இல்லாத ஜீப். தெங்கேரா சடக்கு முழுக்க ஆட்கள் கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாமி குடையைச் சாய்த்து நன்றாக உற்றுப் பார்த்தார்.

"உவ என்ரை மனுசியின்ரை சிநேகிதி" என்றார் செல்லத்துரை மெதுவாக. "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும்."

நிலையத்தில் ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். கோபப்படவில்லை. பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கும் அது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. நான் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இது வேலை செய்தால் விஞ்ஞானக் கருவி. நீ வீட்டுக்குப் போகலாம். வேலை செய்யாவிட்டால் இது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாத பொருளையும் அதை வைத்திருந்த ஆளையும் நான் விடுவதில்லை. இது வேலை செய்கிறதா?"

"செய்கிறது, சார்."

அங்கே சுழல் நாற்காலி இல்லை. முதலில் சும்மா காட்டச் சொன்னார். மேசையில் பலகையை வைத்தேன். ஜன்னலைச் சாத்தினார்கள். சுவிட்சைப் போட்டதும் அட்டையில் புள்ளி விழுந்தது. "பாருங்கள், சார். எதுவும் சுழலவில்லை. அதனால் புள்ளி" என்றேன் பெருமையாக.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் ஒரு பட்டாளத்து லாரியைக் கிளப்பினார்கள். ஜன்னல் கதவுகள் கடகடவென்று ஆடின. புள்ளி நீண்டது. நன்றாக நீண்டது. கடையில் சுற்றியபோது விழுந்ததைவிட அழகான கோடு.

அதிகாரி கோட்டைப் பார்த்தார், அசையாத மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போது என்ன சுழல்கிறது?"

அந்தக் கணத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கோணலாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இருபத்தொரு வயசுக்காரனின் வாய் வேறு மாதிரி வேலை செய்யும்.

"பூமி, சார்" என்றேன்.

அதிகாரி மெதுவாகத் தலையை ஆட்டினார். பூமி சுழல்வது அவருக்கும் தெரியும், மறுக்க முடியாது. கோப்ரல் தரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு லாரி வாசலைத் தாண்டிப் போனது. சத்தம் தேய்ந்தது. கோடு சுருங்கிச் சுருங்கி மறுபடி புள்ளியானது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பூமி நின்றுவிட்டதா?"

காத்தமுத்து அண்ணன் சுவரோரம் நின்றார். 'நான் சொன்னேனே' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் என்னை உடைத்தது. அப்பாவின் முள்கம்பி வேலி கண்முன்னால் வந்தது. போகிறது என்று விட்டுவிட்டேன்.

"வேலை செய்யவில்லை, சார். லாரி போனாலும் கோடு விழுகிறது. நான் இருமினாலும் விழும்போலிருக்கிறது. இது எல்லாவற்றையும் சொல்கிறது. எது சுழற்சி, எது உதறல் என்று இதற்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை."

அதிகாரி பேனாவை மூடினார். ரகசிய ரேடியோ வைத்திருக்கிற ஒருவன் பூமியை இழுத்து வந்து சாட்சி சொல்ல வைக்கமாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் அடையாள அட்டைகளை மட்டும் குறித்துக்கொண்டு, கருவியையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாசலில் செல்லத்துரை குழாயைத் திறந்து கன்னத்தைக் கழுவினார். காய்ந்த நுரை லேசில் போகவில்லை. எங்களுக்காக நிற்காமல் ஒரு பேச்சாவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறிப் போய்விட்டார். நான் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேலை போய்விட்டது, சரி. ஆனால் அந்தக் கவட்டை ஏன் அப்படிச் செய்தது என்று தெரியாமல் போவதா? மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணன் ஏசுவார் என்று நினைத்தேன்.

"பசியாறிட்டியா?" என்றார். "கவட்டைய எடுத்தா."

ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு காலைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தட்டினோம், பிறகு மாற்றித் தட்டினோம். ஒன்று அவருடைய கட்டையில் சரியாக நின்றது, மற்றது கொஞ்சம் இறங்கி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால்கள் சமமாக இருந்தால் ஒன்று வெளியே தள்ளுவதை மற்றது எதிர்ப்பக்கம் தள்ளி அடக்கிவிடும், காம்பு அமைதியாக இருக்கும். சமமில்லாவிட்டால் மிச்சமாகிற ஆட்டம் காம்பில் இறங்கும், வெளியிலிருந்து வரும் ஆட்டமும் உள்ளே புகும். மீன்கடைக்காரர் தாடியோடு போன பக்கத்தில் இதுதான் இருந்திருக்க வேண்டும். இறங்கிய காலை நுனியில் அரத்தால் உரசினேன். அண்ணன் கட்டையை அழுத்தி, "இன்னும், இன்னும்... நிறுத்து, ஏறிப்போச்சு" என்பார். மெழுகு வைத்து இறக்குவேன். இரண்டு நாள் இதே வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு கால்களும் ஒரே குரலில் பாடின. சடக்கில் லாரி போனது. புள்ளி அசையவில்லை. நாங்கள் இருவரும் கத்திவிட்டோம். அண்ணன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஓர் எத்து எத்தினார்.

அப்போதும் புள்ளி அசையவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குப் போனதே அப்பாவிடம் 'போனேன்' என்று சொல்வதற்காகத்தான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். செல்லத்துரையின் வலது கன்னம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. மற்ற இருவரும் பள்ளிப் படிப்பு, பிறந்த ஊர் என்று கேட்டு முடித்தார்கள். அவர் கடைசியாகக் கேட்டார்.

"பூமி நிண்டாப் பிறகு என்ன செய்தனீர்?"

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அரத்தையும் மெழுகையும் பற்றிச் சொன்னேன்.

"இப்ப லாரி போனால்?"

"ஒன்றும் தெரியவில்லை, சார்."

"நாக்காலி சுத்தினால்?"

"அதுவும் தெரியவில்லை, சார். முன்னால் விழுந்த கோடெல்லாம் நாற்காலியின் உதறல்தான் போலிருக்கிறது. காம்பு முறுக்குவதற்கும் ஒரு சுருதி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கால்களின் சுருதிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்தச் சின்னத் தள்ளல் பெரிதாகும். சைக்கிள் கம்பியில் அது எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியாது, சார்."

"ஆக, முந்தி எல்லாத்தையும் சொல்லிச்சுது. இப்ப ஒண்டையும் சொல்லேல்ல." அவர் எதையோ எழுதினார். "கால் பிழை எண்டு ஆர் பிடிச்சது?"

"முடி வெட்டுகிற காத்தமுத்து அண்ணன், சார். முதல் நாளே சொன்னார். நான்தான் கேட்கவில்லை."

"தெரியும். நுரை பூசிக்கொண்டு என்ரை காதுக்குள்ள எனக்கும் சொன்னவர்" என்றார் செல்லத்துரை. "நானும் கேக்கேல்ல. கோடு விழுந்த சந்தோசம்."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. இருபத்தெட்டு வருடம் அந்தக் கருவிப் பிரிவில் இருந்தேன். அங்கே எத்தனையோ சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டேன். சைக்கிள் கம்பியின் சுருதியைக் கடைசி வரை பிடிக்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. செல்லத்துரை சாரின் மனைவி அவரை மூன்று நாள் முன்வாசல் வழியாக விடவில்லை என்பதும் பின்னால் எனக்குத் தெரியவந்தது.

என் மனைவிக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்றுதான். பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வரை, யாராவது என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால், "வேல செய்யாததக் காட்டி வேல வாங்குன மனுசன்" என்றுதான் அவள் அறிமுகம் செய்வாள். பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள், பேரப்பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தார்கள்.

போன மாதம் பேரன் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குப் போனான். தானே செய்த ஒரு சின்ன யந்திரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, புறப்படும் முன் எங்கள் காலில் விழ வந்தான். மேசைமேல் வைத்து ஓடவிட்டுக் காட்டினான். ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. மேசையைத் தட்டிப் பார்த்தேன், அப்போதும் ஓடியது. அவனுக்கு விபூதி பூசி அனுப்பிவிட்டு, என் மனைவி கவலையோடு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா வேல செய்யுதேங்க. இவனுக்குக் கெடைக்குமா?"